பொறியியல் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழக வளாக இடங்கள்: தரவரிசையும் விருப்பப் பட்டியலும்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் முதலிடம் தரும் பொறியியல் கல்விக்கூடங்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகங்களில் உள்ளன. அவற்றில் சேர்வதற்குத் தனி நுழைவுத் தேர்வோ, நேர்காணலோ, கட்டுரை எழுதி அனுப்பும் முறையோ இல்லை. மூன்று பாடங்களின் மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்ணும், அதன் வழியே கிடைக்கும் தரவரிசையும், மாணவர் தாமே நிரப்பும் விருப்பப் பட்டியலும் மட்டுமே இடத்தை முடிவு செய்கின்றன. இவற்றுள் முதல் இரண்டும் பொதுத்தேர்வு முடிவோடு ஏறக்குறைய உறுதியாகிவிடுகின்றன. மூன்றாவது மட்டும் கலந்தாய்வு நாள் வரை மாணவரின் கையிலேயே இருக்கிறது. ஆயினும் பல குடும்பங்கள் மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டுவிட்டு, விருப்பப் பட்டியலை ஒரே மாலையில் நிரப்பி முடிக்கின்றன. இந்த அத்தியாயம் சேர்க்கை முறையின் இயக்கத்தை விளக்கி, அந்தப் பட்டியலை எவ்வாறு அமைப்பது என்பதை எடுத்துரைக்கிறது.

1. ஒரே பெயரில் நான்கு வகைக் கல்லூரிகள்

"அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம்" என்ற சொல் பேச்சு வழக்கில் நான்கு வேறுபட்ட பொருள்களில் வழங்குவதால், முதலில் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். முதல் வகை, பல்கலைக்கழகத் துறைகள் எனப்படும் வளாகக் கல்லூரிகள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1944-இல் தொடங்கப்பட்ட அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டையில் 1949-இல் நிறுவப்பட்ட எம்.ஐ.டி. எனும் மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம், 1957-இல் தோன்றிய கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி ஆகிய நான்கும் 1978-இல் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டன. இவற்றுள் கட்டடக்கலைப் பட்டப்படிப்புக்கு நாட்டா போன்ற தேசியத் திறனறித் தேர்வின் மதிப்பெண் தேவைப்படுவதால், அதற்கான சேர்க்கை தனியே நடைபெறுகிறது. இந்த அத்தியாயம் மற்ற மூன்று கல்லூரிகளையே கருத்தில் கொள்கிறது.

இரண்டாம் வகை, கோவை, மதுரை, திருநெல்வேலி ஆகிய நகரங்களிலுள்ள மண்டல வளாகங்கள். மூன்றாம் வகை, விழுப்புரம், திண்டிவனம், திருக்குவளை, நாகர்கோவில் முதலிய ஊர்களில் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரிகள். நான்காம் வகை, மாநிலம் முழுவதும் பரவியுள்ள இணைப்புக் கல்லூரிகள். அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள் மூன்றும் இதனுள் அடங்கும். பட்டச் சான்றிதழில் அச்சாகும் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும், ஆசிரியர் எண்ணிக்கையிலும் ஆய்வகங்களிலும் வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களிலும் இவை ஒன்றல்ல. கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு; பட்டியலை நிரப்பும்போது ஊர்ப் பெயரை நம்பாமல் அந்த எண்ணைச் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசு நடத்தும் இந்த ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. அவை தங்கள் சொந்தத் தேர்வு அல்லது தேசியத் தேர்வின் அடிப்படையில் மாணவர்களைச் சேர்க்கின்றன. சுயநிதிக் கல்லூரிகளில் சிறுபான்மையினர் நடத்தாதவை 65 விழுக்காட்டு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டு இடங்களையும் அரசுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. எஞ்சியவை நிர்வாக ஒதுக்கீடு. வளாகக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு என்பதே கிடையாது. ஆகவே "கிண்டியில் இடம் வாங்கித் தருகிறோம்" என்று கூறி எவரேனும் பணம் கேட்டால், அது மோசடி என்றே கொள்ள வேண்டும்.

2. கட்-ஆஃப் கணக்கு

1984 முதல் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு மாநில அளவிலான நுழைவுத் தேர்வு நடைமுறையில் இருந்தது. நகர்ப்புற மாணவர்களுக்கும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட இயன்றவர்களுக்கும் அது சாதகமாக இருப்பதாக எழுந்த விமர்சனத்தைத் தொடர்ந்து, 2006-இல் இயற்றப்பட்ட தொழிற்கல்வி நிறுவனங்களுக்கான சேர்க்கைச் சட்டம் அதனை நீக்கியது. அதன்பின் பொறியியல் சேர்க்கை முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டுமே சார்ந்துள்ளது. ஜே.இ.இ. எனும் தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண் இந்தச் சேர்க்கையில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

கட்-ஆஃப் எனப்படும் தகுதி மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் பெற்ற 100-க்கான மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குக் குறைக்கப்படுகின்றன. கணிதத்தில் 97, இயற்பியலில் 94, வேதியியலில் 96 பெற்ற மாணவரின் கட்-ஆஃப் 97 + 47 + 48 = 192 ஆகும். மொழிப் பாடங்களின் மதிப்பெண் இதில் சேர்வதில்லை. கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் இழக்கும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பது இக்கணக்கின் நேரடி விளைவு.

சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட பிற வாரியங்களில் படித்தவர்களின் மதிப்பெண், சமன்படுத்தல் என்ற முறையால் மாநில வாரியத்துக்கு இணையாக மாற்றப்படுகிறது. ஒரு பாடத்தில் மாநில வாரிய மாணவர் பெற்ற உச்ச மதிப்பெண் 100 ஆகவும், பிற வாரிய மாணவர் பெற்ற உச்ச மதிப்பெண் 90 ஆகவும் இருந்தால், அந்த இரண்டு உச்சங்களும் சமமாகக் கொள்ளப்பட்டு, பிற வாரியத்தில் 60 பெற்றவரின் மதிப்பெண் 66.66 ஆக உயர்த்தப்படும். இரு வாரியங்களிலும் உச்ச மதிப்பெண் 100 ஆக இருக்கும் ஆண்டில் இம்முறையால் எந்த மாற்றமும் நிகழாது.

பல நூறு மாணவர்கள் ஒரே கட்-ஆஃப் பெறுவது இயல்பாதலால், சமநிலையைப் பிரிக்கும் விதிகள் முக்கியத்துவம் பெறுகின்றன. முதலில் கணித மதிப்பெண், பின்னர் இயற்பியல், அடுத்து நான்காவது விருப்பப் பாடம், அதன்பின் பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி என்ற வரிசையில் ஒப்பிடப்பட்டு, அனைத்தும் சமமாக இருந்தால் மட்டுமே ரேண்டம் எண் எனப்படும் சமவாய்ப்பு எண் பயன்படுத்தப்படும். கணிதத்தில் 100, மற்ற இரண்டிலும் தலா 90 பெற்ற மாணவரும், கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் தலா 100 பெற்ற மாணவரும் 190 என்ற ஒரே கட்-ஆஃப்பில் நிற்பர். மூன்று பாடக் கூட்டுத்தொகையில் இரண்டாமவர் பத்து மதிப்பெண் கூடுதலாகப் பெற்றிருந்தும், தரவரிசையில் முதலாமவரே முன்னிற்பார்.

கட்-ஆஃப் மிக நெருக்கமாக அமையும் மேல்மட்டத்தில் ஒரு மதிப்பெண்ணே தரவரிசையில் பெரும் இடைவெளியை ஏற்படுத்தும் என்பதால், எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த பாடத்துக்கு, குறிப்பாகக் கணிதத்துக்கு, விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிப்பது பயனுடையது. நகலைப் பாட ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, கூட்டல் பிழையோ திருத்தப்படாத விடையோ இருந்தால் மட்டும் மறுகூட்டல் அல்லது மறுமதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். இதற்கான கால வரம்பு சில நாள்களே என்பதால், தேர்வு முடிவு வெளியாகும் வாரத்திலேயே இதனை முடிவு செய்வது நல்லது.

3. இட ஒதுக்கீட்டின் அமைப்பு

தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு, 1994-இல் நிறைவேறிய 76-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய நிலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என விழுக்காடுகள் அமைந்து, எஞ்சிய 31 விழுக்காடு பொதுப்பிரிவாகிறது. பொதுப்பிரிவு என்பது எந்த ஒரு வகுப்பினருக்கும் உரிய ஒதுக்கீடு அன்று. தரவரிசை அனுமதித்தால் எந்த வகுப்பைச் சேர்ந்த மாணவரும் அதில் இடம் பெறலாம். எனவே ஒதுக்கீட்டுக்கு உரிய ஒவ்வொரு மாணவருக்கும் பொதுத் தரவரிசை, வகுப்புத் தரவரிசை என இரண்டு எண்கள் வழங்கப்படுகின்றன. தம் வாய்ப்பை மதிப்பிடும்போது இரண்டையும் பார்க்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு, 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காட்டு முன்னுரிமை இடங்களை வழங்குகிறது. இவ்வகையில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இத்தகைய மாணவர் பொதுக் கலந்தாய்வுக்கும் உரியவர் என்பதால், இரு வழிகளையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். இடையில் தனியார் பள்ளியில் படித்திருந்தால் பொதுவாக இந்தத் தகுதி பறிபோகும். ஆகவே ஏழு ஆண்டுகளுக்கான படிப்புச் சான்றையும் உரிய பள்ளிகளிலிருந்து முன்கூட்டியே பெற்றுவைப்பது அவசியம். மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் ஆகியோருக்கான சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே நடந்து முடிந்துவிடும்.

4. சான்றிதழ்கள்

உயர்ந்த மதிப்பெண் பெற்றும் உரிய ஒதுக்கீட்டை இழப்பவர்கள் பெரும்பாலும் சான்றிதழ்க் குறைபாட்டால்தான் இழக்கின்றனர். வகுப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டு வருவாய்த் துறை அலுவலரால் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலும், ஆதிதிராவிடர் சான்றிதழை வட்டாட்சியர் நிலையிலும் பெற வேண்டும். பிற மாநிலத்தவர் தமிழ்நாட்டில் படித்திருந்து தகுதி பெற்றாலும், அவர்கள் பொதுப்பிரிவில் மட்டுமே கருதப்படுவர்.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. அவற்றுள் ஏதேனும் ஒரு வகுப்பை வெளி மாநிலத்தில் படித்த தமிழ்நாட்டு மாணவருக்கு அது கட்டாயம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்பது, பெற்றோர், இரு வழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரில் எவரும் பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை அளிக்கும் ஆவணம். இது இடம் கிடைப்பதைப் பாதிக்காது. ஆனால் விண்ணப்பத்திலேயே கோரப்பட வேண்டும். இச்சான்றிதழ்களை இ-சேவை மையம் வழியே பெற விண்ணப்பித்த பின் விசாரணை நிலைகள் உள்ளதால், மே மாதத்துக்குக் காத்திராமல் பொதுத்தேர்வுக்கு முன்னரே விண்ணப்பிப்பதே முறை. பெயரின் எழுத்துகளும் தலைப்பெழுத்தும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் பதிவேற்றப்படும் சான்றிதழ்களைக் கலந்தாய்வு உதவி மையங்களிலுள்ள அலுவலர்கள் சரிபார்ப்பர். தரவரிசைப் பட்டியல் வெளியான பின் பிழைகளை முறையிடச் சில நாள்கள் மட்டுமே அளிக்கப்படும். பட்டியலில் தம் கட்-ஆஃப், வகுப்பு, சிறப்பு ஒதுக்கீட்டுக் குறிப்பு ஆகிய மூன்றையும் மாணவர் அன்றே சரிபார்த்து, தவறிருப்பின் உதவி மையத்துக்குச் செல்ல வேண்டும்.

5. கணினி இடம் ஒதுக்கும் முறை

கலந்தாய்வு, தரவரிசையின் அடிப்படையில் சில சுற்றுகளாகப் பிரித்து நடத்தப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மாணவர்கள் கல்லூரியையும் பாடப்பிரிவையும் இணைத்து, தாம் விரும்பும் வரிசையில் எத்தனை வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். பதிவு முடிந்ததும் கணினி, தரவரிசையில் முதலில் நிற்பவரை எடுத்துக்கொண்டு, அவரது பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, அவருக்கு உரிய பொதுப்பிரிவு இடமோ வகுப்புப் பிரிவு இடமோ எஞ்சியுள்ள முதல் விருப்பத்தை அவருக்கு ஒதுக்குகிறது. அதன்பின்னரே அடுத்த தரவரிசைக்காரரின் பட்டியல் திறக்கப்படுகிறது.

இந்த ஒழுங்கிலிருந்து பெறப்படும் முடிவு, இந்த அத்தியாயத்திலேயே மிக முக்கியமானது. ஒரு பாடப்பிரிவைப் பட்டியலின் முதல் இடத்தில் வைத்தவருக்கு, அதையே இருபதாம் இடத்தில் வைத்தவரைவிட எந்தச் சலுகையும் இல்லை. தரவரிசையில் முன்னிற்பவர் எம்.ஐ.டி.யின் மின்னணுப் பிரிவை ஐந்தாவதாக வைத்து, முதல் நான்கும் கிடைக்காமல் போனால், அதே பிரிவை முதலாவதாக வைத்த பின்வரிசை மாணவருக்கு முன்பாகவே அவருக்கு அது கிடைக்கும். ஆகவே கைக்கு எட்டாது என்று தோன்றும் விருப்பத்தை மேலே வைப்பதால் அடுத்தடுத்த விருப்பங்களின் வாய்ப்பு சிறிதும் குறைவதில்லை. "கிடைக்காததைப் போட்டு முதல் விருப்பத்தை வீணாக்காதே" என்று உறவினரும் இணைய மையத்தாரும் கூறும் அறிவுரை இம்முறைக்குப் பொருந்தாது. மனத்தில் உள்ள உண்மையான விருப்ப வரிசையை அப்படியே எழுதுவதே மாணவருக்கு மிகுதியான பயன் தரும் உத்தி.

இம்முறையில் நிகழக்கூடிய உண்மையான பிழைகள் வேறு. கிடைக்கும் என்று கணித்த ஒன்றை, தாம் அதைவிட விரும்பும் ஒன்றுக்கு மேலே வைப்பது முதல் பிழை. மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைக் கணினி பார்ப்பதே இல்லை. பட்டியலை மிகச் சுருக்கமாக முடிப்பது இரண்டாம் பிழை. பதிவு செய்த அனைத்தும் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் சேர விரும்பாத இடங்களை எண்ணிக்கைக்காகச் சேர்ப்பது மூன்றாம் பிழை. வழக்கமான பிரிவையும் கூடுதல் கட்டணமுள்ள சுயநிதிப் பிரிவையும் வேறுபடுத்தாமல் குறியீட்டைத் தவறாகத் தேர்வது நான்காம் பிழை.

6. பட்டியலை உருவாக்குதல்

முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டு விவரங்கள், எந்தக் கல்லூரியின் எந்தப் பிரிவில் எந்த வகுப்பினருக்குக் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண் எது என்பதுவரை, பொதுவெளியில் கிடைக்கின்றன. இவற்றைப் பயன்படுத்துகையில் கட்-ஆஃப்பைவிடத் தரவரிசையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து உயர்வதால், கடந்த ஆண்டு 195-க்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டு 196-க்கும் கிடைக்காமல் போகலாம். தரவரிசை அத்தகைய ஏற்ற இறக்கத்துக்கு அவ்வளவாக ஆட்படுவதில்லை. எனினும், கணினி அறிவியல் சார்ந்த பிரிவுகளில் இடங்கள் கூட்டப்படும் ஆண்டுகளில் கடைசித் தரவரிசையும் நகரும் என்பதால், ஓராண்டை மட்டும் நம்பாமல் மூன்று ஆண்டு விவரங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது தகும்.

இவ்விவரத்தின் பயன், விருப்ப வரிசையை மாற்றுவது அன்று. பட்டியல் எவ்வளவு ஆழம் வரை செல்ல வேண்டும் என்பதைக் காட்டுவது. முந்தைய ஆண்டுகளில் தம் தரவரிசைக்கு எளிதாகக் கிடைத்த சில இடங்களாவது பட்டியலின் அடியில் இருக்கின்றனவா என்பதை மாணவர் உறுதிசெய்ய வேண்டும்.

கல்லூரியா, பாடப்பிரிவா என்ற வினாவுக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. வளாகக் கல்லூரிகளுக்குள்ளேயே பிரிவுகள் பெரிதும் வேறுபடுகின்றன. கிண்டியில் கட்டுமானவியல், இயந்திரவியல், மின்னணுவியல், கணினி அறிவியல் ஆகியவற்றோடு புவித்தகவலியல், சுரங்கவியல், அச்சு மற்றும் பொதியல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளும் உள்ளன. கட்டுமானவியலும் இயந்திரவியலும் 2010 முதல் தமிழ் வழியிலும் கற்பிக்கப்படுகின்றன. அழகப்பா கல்லூரி வேதிப்பொறியியல், ஜவுளி, பீங்கான், உணவு, மருந்துத் தொழில்நுட்பங்களுக்கு உரியது. எம்.ஐ.டி. வானூர்தி, தானியங்கி ஊர்தி, கருவியியல், ரப்பர் மற்றும் நெகிழித் தொழில்நுட்பம் ஆகியவற்றால் அறியப்படுகிறது, ஏ.பி.ஜே. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றது இங்கேதான். வளாகத்தின் பெயருக்காக மட்டும் பீங்கான் தொழில்நுட்பத்தையோ சுரங்கவியலையோ தேர்ந்து, முதல் பருவத்திலேயே நாட்டம் இழப்பவருக்கு, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலோ மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியிலோ தாம் விரும்பிய பிரிவே பொருத்தமாக இருந்திருக்கும். மறுபுறம், பிரிவைப் பற்றி உறுதியான விருப்பம் ஏதுமின்றி, நல்ல ஆசிரியர்களும் போட்டி மிக்க சக மாணவர்களும் குறைந்த கட்டணமும் வேண்டும் என்பவருக்கு வளாகக் கல்லூரியே முதன்மையாகிறது.

இணைப்புக் கல்லூரிகளைச் சேர்க்கும்போது விளம்பரத்தைவிட மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும்: அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உண்டா, கல்லூரி தன்னாட்சி பெற்றதா, தன்னாட்சி பெறாத கல்லூரியாயின் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பின்னும் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டில் அதன் நிலை என்ன என்பன அவை.

7. ஒதுக்கீட்டுக்குப் பின் எடுக்க வேண்டிய முடிவு

சுற்று முடிந்ததும் தற்காலிக ஒதுக்கீடு வெளியிடப்பட்டு, மாணவர் தம் முடிவைத் தெரிவிக்க மிகக் குறுகிய அவகாசம் தரப்படும். ஐந்து வழிகள் அவர்முன் வைக்கப்படுகின்றன: கிடைத்த இடத்தை ஏற்றுக் கல்லூரியில் சேர்தல், கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேல் விருப்பம் காலியானால் மாறக் காத்திருத்தல், கிடைத்ததை மறுத்து மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருத்தல், மறுத்து அடுத்த சுற்றுக்குச் செல்லுதல், கலந்தாய்விலிருந்தே விலகுதல். இவற்றுள் எதையும் தெரிவிக்காமல் இருப்பவர் இடத்தை இழப்பார்.

முதல் விருப்பமே கிடைத்தவர் தவிர்ந்த பெரும்பாலோருக்கு இரண்டாவது வழி ஏற்றது. உயர்ந்த தரவரிசையில் உள்ள பலர் மருத்துவம், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆகியவற்றிலும் இடம் பெற்றிருப்பதால், அவர்கள் விலகும்போது வளாக இடங்கள் காலியாகி, காத்திருப்போர் தரவரிசைப்படி மேலே நகர்கின்றனர். ஆனால் மேல் விருப்பம் ஒதுக்கப்பட்டவுடன் முன்பு கிடைத்த இடம் தானாகவே நீங்கிவிடும். திரும்பிச் செல்ல இயலாது. பட்டியலின் வரிசை மாணவரின் உண்மையான விருப்பத்தைக் காட்டினால் மட்டுமே இந்த நகர்வு நன்மையாக அமையும். மூன்றாவது வழியைத் தேர்பவர் கையில் உள்ளதையும் விட்டுவிடுகிறார் என்பதால், கிடைத்த இடத்தில் எந்நிலையிலும் சேரப்போவதில்லை என்பவருக்கன்றி மற்றவர்க்கு அது உகந்ததன்று.

கட்டணம் செலுத்துதல், நேரில் செல்லுதல் ஆகியவற்றுக்கான நாள்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டிலிருந்து அவற்றைக் குறித்துவைத்து, கலந்தாய்வுக் காலம் முழுவதும் பதிவு செய்த கைப்பேசி எண்ணை மாற்றாமல், கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியெண்ணையும் பிறரிடம் தராமல் காப்பது மாணவரின் பொறுப்பு. விருப்பப் பட்டியலை இணைய மையத்தில் பிறரைக் கொண்டு நிரப்ப நேர்ந்தாலும், வீட்டில் தாளில் எழுதி முடித்த பட்டியலைக் கொண்டுசென்று, இறுதிசெய்து பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லூரி எண்ணையும் பிரிவுக் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பூட்டிய பட்டியலின் அச்சுப் படியைப் பெற்றுக்கொண்டே திரும்ப வேண்டும்.